ஈக்கோஃப்ளெக்ஸ் 00-10: காந்த நுண்ரோபோவுக்குத் தோதான சிலிக்கோன், ஆனால் ரொம்ப அடம்பிடிக்கும்

சினிமா மேக்கப்புக்கும் அச்சு வார்க்கவும் விற்கப்படும் ரப்பர் இது. ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் மெட்டின் சிட்டி குழு 2018-இல் வெளியிட்ட 3.7 மி.மீ. நீளக் காந்த ரோபோ இதில் செய்ததுதான். மோட்டார், பேட்டரி எதுவுமில்லாத அந்தப் பட்டை, வெளிக் காந்தப்புலத்தைக் கொண்டே நடந்தது, உருண்டது, தாவியது, நீந்தியது.

இதன் பலம் மென்மைதான். ஆய்வகங்களில் புழங்கும் இன்னொரு சிலிக்கோனான சில்கார்ட் 184-ஐ விடப் பல மடங்கு எளிதாக வளையும். சின்னப் புலமே போதும். ஏ, பி என்று இரண்டு பாட்டில் திரவமாக வரும், கலந்தால்தான் இறுகும். இரண்டும் சம அளவு. 5 கிராம் ஏ, 5 கிராம் பி, 10 கிராம் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத் தூள் (துகள் 5 மைக்ரோமீட்டர்) என்று போட்டால், எடையில் பாதி தூள். பருமனிலோ சுமார் 12 சதவீதம்தான். அதனால்தான் ரப்பர் மென்மை கெடாமல் நிற்கிறது. தூள் காந்தமேற்றாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கலக்கும்போதே கட்டி தட்டும். மாஸ்க் கட்டாயம்.

கலந்த பின் கையில் இருப்பது 30 நிமிடம். அதற்குள் வெற்றிடத்தில் குமிழி எடுத்து, தகட்டில் மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். வெற்றிடத்தில் கலவை பொங்கும், பெரிய கப்பாக எடுங்கள். இறுக 4 மணி நேரம். பிறகு வெட்டி, கம்பியில் சுற்றி, வலுவான புலத்தில் காந்தமேற்றலாம். அந்தக் குழு பயன்படுத்தியது 1.65 டெஸ்லா.

இதே ஈக்கோஃப்ளெக்ஸில் 00-30 என்ற வகையை வாங்கிவிடாதீர்கள். அது இதைவிட நீர்த்தது, இறுகுவதற்குள் தூள் அடியில் படிந்துவிடும். ஒரு பக்கம் தூள் மிகுந்த பட்டை இரு திசையிலும் ஒரே மாதிரி வளையாது.

குறைகளும் உண்டு. லேட்டக்ஸ் கையுறை, கந்தகம் கலந்த களிமண், சில ரெசின் 3டி பிரிண்ட் அச்சுகள் பட்டால் அந்த இடம் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்றே கிடக்கும். நைட்ரில் கையுறை போடுங்கள். புது அச்சு என்றால் ஒரு ஓரத்தில் துளி ஊற்றிப் பார்ப்பது நல்லது. நன்றாக இறுகிய பட்டையும் தூசியை இழுக்கும். லேசர் வெட்டிய விளிம்பில் தூள் வெளியே தெரிவதால் தண்ணீரில் துருப்பிடிக்கும். உடலுக்குள் விடும் யோசனை இருந்தால் மேல்பூச்சு இல்லாமல் ஆகாது.

சின்ன பேக்கே போதும், திறந்த பாட்டிலை சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். ஏ மூடியை பி-யில் போட்டுவிட்டால் பாட்டில் வாயே இறுகிவிடும்.