எங்க ஜிஎச் பச்சக்குழந்த ஐசியு: அப்பவும் பாத்தேன், இப்பவும் பாத்தேன்

ரிவ்யூன்னா பிரியாணி கடைக்கும் மொபைலுக்கும் மட்டும் தானா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பச்சக்குழந்தைங்கள வச்சு பாக்குற எஸ்என்சியு வார்டுக்கும் ஒண்ணு எழுதலாமேன்னு தான் இது. ஊர் பேரு போடல, குறையும் சொல்லப் போறேன், அங்க வேல பாக்குற சிஸ்டருங்களுக்கு எதுக்கு சங்கடம்.

தங்கச்சிக்கு 31 வாரத்துலயே வலி வந்துருச்சு. பையன், எடை 1.3 கிலோ. இதே வார்டுல சில வருஷம் முன்னாடி எங்க பெரியப்பா பொண்ணோட குழந்தையும் இருந்துச்சு, அப்பவும் சோறு கொண்டு போனது நான் தான், அதனால ரெண்டு காலத்தையும் பாத்துட்டேன். அப்பவும் மெஷின் எல்லாம் இருந்துச்சுங்க. குழந்தைய சூடா வச்சிருக்கற வார்மர், மஞ்சக்காமாலைக்கு நீல லைட்டு, மானிட்டர், எல்லாமே. ஆனா பெத்தவ வெளிய வராண்டால பாய் விரிச்சு உக்காந்திருப்பா, பால் பீச்சி கிண்ணத்துல குடுத்தா சிஸ்டர் வாங்கிட்டு கதவ சாத்திடுவாங்க, கண்ணாடி வழியா பாத்தா எந்த குழந்த நம்மளுதுன்னே தெரியாது, காலைல டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் "பரவால்லமா"ன்னு ஒரு வார்த்த, அவ்ளோ தான்.

இப்ப மாறினது அந்தக் கதவு தான். தங்கச்சிய வீல் சேர்ல வச்சு உள்ள கூட்டிட்டு போயிட்டாங்க, வளையல் மோதிரம் வாட்ச் எல்லாம் கழட்டி, முழங்கை வரைக்கும் கை கழுவ சொல்லிக் குடுத்து, கவுன் போட்டு, வார்மர் பக்கத்துலயே ஒரு சாய்வு நாற்காலி. குடும்பத்து ஆளுங்களையும் சேத்து குழந்தைய பாத்துக்க வைக்கிற இந்த முறை டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரில ஆரம்பிச்சது, 2017ல மத்திய சுகாதாரத் துறை கைடுலைனாவே போட்ருச்சு. ஆனா கைடுலைன் வர்றது வேற, ஒரு ஜில்லா ஆஸ்பத்திரில நாற்காலி வாங்கிப் போடுறது வேற இல்லையா, இங்க போட்டிருக்காங்க.

கங்காரு கேர் பத்தி சொல்லியே ஆகணும். குழந்தைக்கு குல்லா, சாக்ஸ், டயபர் மட்டும் போட்டு அம்மா நெஞ்சோட ஒட்ட வச்சு துணியால கட்டி விட்டுடுவாங்க. 1978ல கொலம்பியா நாட்டு பொகோட்டால இன்குபேட்டர் பத்தாம போன ஒரு ஆஸ்பத்திரில டாக்டருங்க ஆரம்பிச்சது. அதனாலயே நம்ம ஆளுங்களுக்கு ஒரு நெனப்பு, மெஷின் இல்லாத எடத்துல செய்யறதுன்னு. எங்கம்மாவே "லைட்டு சூட்டுல வச்சிருக்க புள்ளய எதுக்கு எடுக்கறீங்க"ன்னு சண்ட. ஆனா இந்தியா உட்பட அஞ்சு நாட்டுல உலக சுகாதார நிறுவனம் பண்ண ஆராய்ச்சி 2021ல வந்துச்சு, 1 கிலோலேர்ந்து 1.8 கிலோக்குள்ள பொறந்த குழந்தைங்க, பொறந்த உடனேயே ஐசியுக்குள்ளயே அம்மா மேல வச்சதுல முதல் 28 நாள்ல இறப்பு 12 சதவீதம், வழக்கமான முறைல 15.7. அதனால பாதியிலயே ஆராய்ச்சிய நிறுத்திட்டாங்க, மத்த குழந்தைங்களுக்கு குடுக்காம இருக்கறது நியாயமில்லன்னு. இங்க மூச்சு விட உதவுற சிபேப் மெஷின் மாட்டியிருந்தப்பவே, டாக்டர் பாத்து ஓகே சொன்னதும், ட்யூபோட தூக்கி தங்கச்சி மேல வச்சாங்க. தங்கச்சி சாப்பிடப் போற நேரம் மாப்ள சட்டைய கழட்டிட்டு உக்காந்துட்டாரு, வெக்கம் எல்லாம் ஒரு நாள் தான்.

இன்னொன்னு. மானிட்டர்ல ஆக்சிஜன் 98 காட்டுதுன்னு நாங்க சந்தோஷப்பட்டா, சிஸ்டர் வந்து ஆக்சிஜன குறைக்கிறாங்க. மாப்ளக்கு பக்குனு ஆயிருச்சு, "ஏன் சிஸ்டர் குறைக்கிறீங்க"ன்னார். "சார், ஆக்சிஜன் ஓடும்போது 90லேர்ந்து 95க்குள்ள தான் வச்சுக்கணும், கூடிப்போச்சுன்னா கண்ணுல ரத்தக்குழாய் கெட்டுடும்"னு கையில வேல ஓட ஓடவே சொல்லிட்டுப் போனாங்க. அப்ப இந்த மாதிரி ஒரு வார்த்த யாரும் சொன்னதில்ல. இப்ப கேட்டா பதில் வருது, நைட் டூட்டிலயும் வருது.

பால் விஷயத்துலயும் கறார். முதல்ல வர்ற சீம்பால் நாலு சொட்டுன்னாலும் வாங்கி குழந்த வாயில தடவினாங்க, அப்பறம் மூக்குல விட்ட ட்யூப் வழியா, எடை கூடக்கூட பாலாடைல. பாலாடை பிடிக்கிறது தங்கச்சிக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க, கடவாய் ஓரமா சாச்சு, அவன் நக்கி முழுங்கற வரைக்கும் காத்திருந்து, அவசரப்பட்டு ஊத்துனா புரையேறிடும். சேனை வைக்கணும்னு சீனித்தண்ணியோட வந்த பெரியத்தைய வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, அதுக்கே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

காசு ஒரு பைசா இல்ல. மருந்து, டெஸ்ட், ரத்தம் எல்லாமே ஃப்ரீ, 2011ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துலயே இது இருக்கு. யாராச்சும் கேட்டா குடுக்காதீங்க.

இப்ப குறை. உள்ள எவ்ளோ சுத்தமோ வெளிய அவ்ளோ மோசம், கூட வர்றவங்களுக்கு பாத்ரூம் ஒண்ணே ஒண்ணு, தாழ்ப்பாள் கெடையாது. தையல் போட்ட வயித்தோட ராத்திரி ரெண்டு மணிக்கு பால் குடுக்க எந்திரிச்சு வர்றவங்களுக்கு தங்கற ரூம் வேற மாடில, லிஃப்ட் நெனச்சா ஓடும். சிஸ்டருங்க ஆளு கம்மி, பக்கத்து ஊர் பிரசவத்துலேர்ந்து 108ல குழந்தைங்க வந்து எறங்கற ராத்திரி பாவம் தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாம ஓடறாங்க.

பெரிய குறை டிஸ்சார்ஜ் அன்னிக்கு தான். இவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சவங்க கடைசில ஒரு அட்டைய கையில குடுத்து "சாட்டர்டே ரிவ்யூ வாங்க"ன்னு முடிச்சுட்டாங்க. அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல இங்கிலீஷ்ல கண்ணு டெஸ்ட்டுன்னு இருக்கு, தேதி இல்ல. 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோக்கு கம்மியாவோ பொறந்த எல்லா குழந்தைக்கும் பொறந்து 30 நாளுக்குள்ள விழித்திரைய பாத்தே ஆகணும், ரொம்ப சின்னதுங்களுக்கு அதுக்கும் முன்னாடியே, லேட்டானா பார்வையே போயிடலாம். அந்த டெஸ்ட் பாக்குற டாக்டர் இந்த ஆஸ்பத்திரில கெடையாது, மெடிக்கல் காலேஜுக்கு போகணும், அதுவும் வாரத்துல குறிப்பிட்ட நாள் தான். மாப்ள அட்டைய திருப்பிப் பாத்ததால எங்களுக்கு தெரிஞ்சுது. வார்டு செவுத்துல கை கழுவற படம் ஒட்டியிருக்கற மாதிரி இதையும் தமிழ்ல பெருசா ஒட்டி, டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே தேதி வாங்கிக் குடுத்துட்டா 5க்கு 5. இப்போதைக்கு 4.

போறவங்க முன்பக்கம் திறக்கற நைட்டி ரெண்டு மூணு எடுத்துட்டு போங்க, பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ணப்ப குடுக்கற நம்பர்) எழுதுன அட்டைய கையிலயே வச்சுக்கங்க, ஃபோன் உள்ள விட மாட்டாங்க.