சென்னையில் இதழியல்: ஓராண்டு டிப்ளமாவா, ஈராண்டு எம்.ஏ.வா?

செய்தியாளர் ஆக வேண்டும் என்பது மட்டுமே இலக்கு என்றால், தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியின் ஓராண்டு முதுநிலை டிப்ளமாவே நல்ல தேர்வு. நுழைவுத் தேர்வு, நேர்காணல் இரண்டையும் தாண்டி உள்ளே போனால் களத்துக்குப் போவதும் எழுதுவதும் திருத்துவதும்தான் அன்றாட வேலை. கெடு தவறாமல் எழுதும் பழக்கம் அங்கே வந்துவிடும். பயிற்று மொழி ஆங்கிலம்; தமிழ் நாளிதழில் சேர நினைப்பவர்கள் தமிழ் நடையையும் தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சையும் தாங்களாகவே பழகிக்கொள்ள வேண்டும். கட்டணமோ லட்சங்களில்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல், தொடர்பியல் எம்.ஏ. நான்கு பருவங்கள். செலவு மிகக் குறைவு. தொடர்பியல் கோட்பாடும் ஆய்வு முறைகளும் கூடுதலாகக் கிடைக்கும். விளம்பரம், மக்கள் தொடர்பு, நிறுவனத் தகவல் தொடர்பு போன்ற துறைகளுக்குப் போகிறவர்களுக்கு, கருத்துக் கணிப்புக்கு வினா வரையவும் அதன் முடிவுகளைப் படிக்கவும் தெரிந்திருப்பது பெரிய பலம். ஆனால் செய்தி எழுதிய மாதிரிகள் தாமாகச் சேராது. முதல் பருவத்திலிருந்தே மாதம் ஒரு செய்தியையாவது எங்காவது வெளியிடுங்கள். விடுமுறைகளில் செய்தி அறையில் பயிற்சி கேளுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிப்ளமா முதுகலைப் பட்டம் ஆகாது. பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்த விரும்பினால், பொதுவாக முதுகலையில் 55 விழுக்காடும், நெட் போன்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்பார்கள். டிப்ளமாவை மட்டும் காட்டி அந்த வாசலைத் தாண்ட முடியாது. அந்த ஆசை சிறிதளவு இருந்தாலும் எம்.ஏ.வையே எடுங்கள்.