மஞ்சளா, டெட்டாலா, டியூப்பா: குழந்தையின் சிராய்ப்பு சீழ் பிடித்தால் எது உதவும்?

ஏழு வயது மகன் சைக்கிளோடு தெருமுனைச் சரளைக் கல்லில் சரிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாயின. ஆச்சி கையில் மஞ்சளும் சுடவைத்த நல்லெண்ணெயும். தாத்தா கையில் டெட்டால் பாட்டில். மருந்துக்கடைக்கு ஓடிய என் கணவர் கையில் ஒரு டியூப்பும் ஒரு பவுடர் டப்பாவும். அன்று வென்றது மஞ்சள். புதன்கிழமை காலையில் கால்சட்டை உரசியதற்கே பையன் அலறினான். காய்ந்த மஞ்சள் பற்றை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்துப் பார்த்தால் அடியில் சீழ்.

குற்றம் மஞ்சளுடையதா? என் கணக்கில் பெரும்பங்கு நாங்கள் சரியாகக் கழுவாமல் விட்ட மண்ணுக்குத்தான். ஆனால் அந்த மூன்று நாளும் புண்ணை எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது மஞ்சள். அதற்குப் பிறகு சிராய்ப்புக்கு யார் எதை நீட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதைப் போட்ட பிறகு புண் தெரியுமா? கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துச் செய்ததுதான்.

கழுவுவதற்கு எது?

இந்தப் போட்டியில் குழாய்த் தண்ணீர் எளிதாக ஜெயிக்கிறது. குடிக்கத் தகுந்த குழாய் நீரால் கழுவிய புண்களில், மருத்துவமனை உப்புநீரால் கழுவியவற்றைவிடத் தொற்று அதிகம் வருவதில்லை என்பதுதான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகளின் முடிவு. உங்கள் ஊர்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடமாவது ஓடும் நீரில் காட்ட வேண்டும். சுற்றியுள்ள தோலுக்குச் சாதாரணக் குளியல் சோப்பு போதும். ஒட்டிக்கொண்டிருக்கும் மணலை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே தங்கிவிடும் தார்த்துகளும் கல்பொடியும் தொற்றுக்கு வழிவிடும். ஆறிய பிறகும் பச்சை குத்தியதுபோல் கருநீலத் தழும்பாக நிற்கும். பிள்ளை கத்துகிறானே என்று அரைகுறையாக விட்டுவிடும் இடம் இதுதான். நாங்களும் அப்படித்தான் விட்டோம்.

டெட்டால் கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றினால் புதிதாக வளரும் தோல் செல்களும் சேர்ந்து சாகும். லேபிளில் உள்ள அளவுக்கு நீர்க்கப்படுத்தி ஒருமுறை பயன்படுத்தினால் கெடுதல் பெரிதாக இல்லை. கழுவிய பின் அதற்குத் தேவையும் பெரிதாக இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து ‘கிருமி சாகிறது’ என்று மகிழ்கிறோம். நம் இரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதைப் பிரித்து ஆக்சிஜனை வெளியேற்றுவதால்தான் அந்த நுரை. கிருமியே இல்லாத காயத்திலும் அது நுரைக்கும். பெட்டாடின் என்கிற போவிடோன் அயோடின் இவற்றில் கௌரவமான வேட்பாளர். மண் பட்ட காயத்துக்கு முதல் நாள் ஒருமுறை போடலாம். ஆனால் அதன் பழுப்புக் கறை சுற்றுத்தோலின் நிறத்தை மறைக்கும்; கைக்குழந்தைகளுக்கும் தைராய்டு கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

இடையில் ஒரு வார்த்தை: கீறியது நாயோ பூனையோ என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வராத கீறலுக்கும் ரேபிஸ் தடுப்பூசி உண்டு.

ஆறுகிறதா, சீழ் பிடிக்கிறதா?

மருந்தைவிட இதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். ஆறும் சிராய்ப்பும் சிவக்கும், லேசாக வீங்கும், நீர் கசியும், வலிக்கும். சீழ் பிடிக்கும் சிராய்ப்புக்கும் இதே அடையாளங்கள்தான். எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஆறும் புண்ணில் வலியும் வீக்கமும் முதல் இரண்டு நாள் இருந்து, மூன்றாம் நாளிலிருந்து அடங்கும். தொற்று வந்த புண்ணில் மூன்றாம் நாள் வலி கூடும். நேற்று ஓடிய பிள்ளை இன்று நொண்டினால், புண்ணைப் பார்க்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

கசியும் நீரைப் பாருங்கள். தெளிவாக, இளமஞ்சளாக வந்து மெல்லிய பொருக்காகக் காய்ந்தால் அது நிணநீர். கெட்டியாக, கலங்கலாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்து நாற்றமும் சேர்ந்தால் சீழ். இதில் பலர் ஏமாறும் ஒரு நடுநிலை உண்டு: மூடி ஈரமாக வைத்த புண்ணின் மேல் வெளிறிய மஞ்சள் படலம் ஒன்று படியும். சுற்றுத்தோல் அமைதியாக இருந்து, வலியும் குறைந்துகொண்டு வந்தால் அது சீழ் அல்ல. அதைச் சுரண்டி எடுத்து இரத்தம் வரவைக்க வேண்டாம்.

‘சுற்றிலும் சிவந்திருக்கும்’ என்று எழுதும் மருத்துவப் பக்கங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. சுற்றிலும் ஊதா கலந்த கருமை, பளபளப்பு, விறைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். கண்ணைவிடக் கை நம்பகமானது. புறங்கையைப் புண்ணுக்கு அருகிலும் மறுகாலின் அதே இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். சூட்டின் வேறுபாடு நன்றாகத் தெரியும். பிறகு நெறி. முழங்கால் புண்ணுக்குத் தொடையிடுக்கிலும், கைப் புண்ணுக்கு அக்குளிலும் நெறி கட்டும். ‘நெறி கட்டியிருக்கிறது, கால் புண்ணைப் பார்’ என்று ஆச்சிமார் சொல்வது நிணநீர்க் கணு வீக்கத்தைத்தான். அந்த ஞானத்தில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

இன்னொரு எளிய வழி பால்பாயிண்ட் பேனா. வீங்கிய, நிறம் மாறிய இடத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் அன்றே மருத்துவர். புண்ணிலிருந்து மேல்நோக்கிக் கோடுபோல் சிவப்போ கருமையோ ஏறினாலும், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், மூட்டை மடக்க முடியாமல் போனாலும், பிள்ளை சோர்ந்து சுருண்டு படுத்தாலும் நாளை வரை காத்திருக்கக் கூடாது.

மஞ்சளின் வழக்கு

மஞ்சளுக்குப் புண் ஆற்றும் பெயர் சும்மா வரவில்லை. புண்ணில் மஞ்சள் இடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமையே கொடுத்தார்கள். ‘இது எங்கள் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்’ என்று இந்தியாவின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடியதில் 1997இல் அது ரத்தானது. ஆனால் அந்த வெற்றி, மஞ்சள் நமக்குப் புதிதல்ல என்பதற்கான சான்று. கடையில் வாங்கிய சமையல் மஞ்சள்தூளைச் சிராய்ப்பில் அப்பலாம் என்பதற்கான சான்று அல்ல. அந்தத் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் தெற்காசியச் சந்தைகளில் பிடிபட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் கேள்வியில் அது தோற்கிறது: போட்ட பிறகு புண் தெரியாது.

ஊர்ப்புறத்தில் வெட்டுக்காயப் பூண்டின் சாறு பிழிவார்கள். தாத்தாப்பூச்செடி என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். இரத்தம் நிற்க அது உதவலாம். வரப்போரம் பறித்து உள்ளங்கையில் கசக்கிப் பிழியும்போது மண்ணும் சேர்ந்து இறங்கும் என்பதுதான் சிக்கல். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, பற்பசை பற்றித் தனித்தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. எதுவும் வேண்டாம்.

எந்த டியூப்?

தொற்றில்லாத சிராய்ப்புக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும் என்பதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. 1996இல் அமெரிக்காவில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரிடம், சிறு அறுவைக்குப் பின் ஒரு பாதிக்கு வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியும் மறுபாதிக்கு பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்டும் பூசி ஒப்பிட்டார்கள். தொற்று விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தோல் ஒவ்வாமை மட்டும் பாசிட்ராசின் தரப்பில் வந்தது. அவை மண் படாத அறுவைக் காயங்கள் என்பது உண்மை. ஆனாலும் நன்றாகக் கழுவிய சிராய்ப்பு அதற்கு வெகுதூரம் இல்லை.

நியோஸ்போரின், சோஃப்ராமைசின் இரண்டும் நம் வீட்டு அலமாரிகளின் நிரந்தரக் குடிகள். முதலாவதில் நியோமைசின், பாலிமிக்சின் பி, பாசிட்ராசின் மூன்றும் உண்டு. இரண்டாவதில் உள்ள ஃப்ரமைசெடின் நியோமைசினின் உடன்பிறப்பு. இந்தக் குடும்பத்துக்கு ஒவ்வாமை வந்தால் புண்ணைச் சுற்றி அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். அதைத் தொற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பூசுவோம். நினைவில் வையுங்கள்: அரிப்பு மேலோங்கினால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள், வலி மேலோங்கினால் தொற்றை. கடையிலிருந்து வந்த பவுடரோ கசிவோடு கலந்து சிமென்ட் போல இறுகும். மஞ்சள் செய்த அதே மறைப்பு வேலையை வெள்ளை நிறத்தில் செய்யும்.

சிறிய, மேலோட்டமான தொற்றுக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதுவது மியூபிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலம், பொதுவாக 5 முதல் 7 நாள். இரண்டும் ஸ்டாஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளைக் குறிவைப்பவை. ஒவ்வொரு கொசுக்கடிக்கும் பூசினால் கிருமிகள் எதிர்ப்பு பழகிவிடும் என்பதால் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்துவைக்கும் பொருள் அல்ல.

டியூப்களில் மோசமானது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. எங்களுக்குக் கடையில் முதலில் கொடுத்தது அதைத்தான். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று பெட்டியில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிப் புண் ஆறுவதுபோல் காட்டும். அடியில் கிருமிக்குக் கொண்டாட்டம். மஞ்சள் புண்ணை மறைக்கும் என்றால் இது பொய்யே சொல்லும்.

மூடுவதா, காற்றாட விடுவதா?

காற்றாட விட்டால் காய்ந்து ஆறும் என்பது பொதுநம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிக்குட்டிகளின் மேலோட்டமான காயங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூடி ஈரமாக வைத்தவற்றில் தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. எனவே ஜெல்லி தடவி, ஒட்டாத டிரெஸ்ஸிங்கோ பாரஃபின் தோய்த்த காஸ் துணியோ வைத்து மூடி, தினமும் ஒருமுறை திறந்து பார்த்து மாற்றுவதே மேல். வெறும் காஸ் துணி ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது புதுத்தோலையும் பிடுங்கும். நகக்கீறல் அளவுச் சிராய்ப்பை மட்டும் திறந்தே விடலாம்.

டி.டி. ஊசி வேண்டுமா?

விழுந்தால் டி.டி. என்னும் டெட்டனஸ் ஊசி என்பது நம் ஊரில் எழுதாச் சட்டம். தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 6, 10, 14 வாரங்களில் டெட்டனஸும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி, 16–24 மாதத்தில் ஒரு பூஸ்டர், 5–6 வயதில் இன்னொன்று, பிறகு 10, 16 வயதுகளில் டிப்தீரியாவும் சேர்ந்த டெட்டனஸ் ஊசி என்பது அரசு அட்டவணை. இவை முறையாகப் போட்ட பிள்ளைக்கு, சிறிய சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசியிலிருந்து 10 ஆண்டு வரையும், மண், சாணம் பட்ட காயம் என்றால் 5 ஆண்டு வரையும் மறுபடி தேவையில்லை. அட்டையே இல்லை, பாதியில் விட்டுப்போனது என்றால் மட்டும் தயங்காமல் போய்க் கேளுங்கள். டெட்டனஸ் ஊசி சீழைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘ஊசி போட்டோமே, எப்படிச் சீழ் பிடித்தது?’ என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார்.

களிம்பா, குடிக்கும் மருந்தா?

தொற்று புண்ணோடு நின்றால் களிம்பு. சுற்றுத்தோலுக்குப் பரவினால், பல இடங்களில் வந்தால், காய்ச்சல் சேர்ந்தால் வாய்வழி ஆன்டிபயாடிக். செஃபலெக்சின், கிளாக்சசிலின், அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்தது என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பார். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. போன மாதக் காய்ச்சலுக்கு வாங்கிய சிரப் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். தண்ணீர் கலந்த பின் சில சிரப்புகளுக்கு 7 நாள்தான் ஆயுள். தவிர, வெறும் அமாக்சிசிலினைப் பெரும்பாலான ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிகள் சிதைத்துவிடும். உள்ளே சீழ் கட்டியாகத் திரண்டுவிட்டால் மாத்திரையோ சிரப்போ மட்டும் போதாது. மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். வீட்டில் பிதுக்கக் கூடாது. வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடாது.

தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி, சொறிந்த விரல் பட்ட இடமெல்லாம் புதிதாக முளைத்தால் அது இம்பெடிகோ என்னும் சிரங்கு வகை. இதை அக்கி என்று நினைத்துக் காவியில் எழுதிவிட்டு வருபவர்கள் இன்னும் உண்டு. அக்கி வைரஸால் வருவது, இது பாக்டீரியாவால் வருவது. இரண்டுக்கும் காவி மருந்தாகாது. தனித் துண்டு, வெட்டிய நகம், மருந்து தொடங்கி இரண்டு நாளாவது பள்ளிக்கு விடுப்பு என்று இருக்க வேண்டும்.

பத்தியமும் வேண்டாம். பருப்பு சீழ் வைக்கும், முட்டையும் மீனும் கரப்பான் என்று நிறுத்தினால், தோல் வளரத் தேவையான புரதத்தையே நிறுத்துகிறோம்.

எங்கள் பையனுக்கு மருத்துவர் புண்ணைக் கழுவி, ஒரு கல்துணுக்கை எடுத்து, ஐந்து நாளுக்குச் சிரப் எழுதினார். வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோல் தொற்றுக்குப் பின், அரிதாகச் சில பிள்ளைகளுக்கு மூன்று வாரம் கழித்துச் சிறுநீரகம் அழற்சி கண்டு முகம் வீங்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். ஒரு மாதம் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அவன் அதைக் கேட்டுவிட்டான். அடுத்த நான்கு வாரமும் காலையில் கழிப்பறையிலிருந்தே தெரு முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பு வந்தது: “ஆச்சி, மஞ்சள்தான்!”