விலை பார்க்க விட்ட சைக்கிள்

"இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் தம்பி, பிரித்துப் பார்த்தால்தான் விலை சொல்லலாம்" என்றார் முதலாளி. பழைய சைக்கிள்களுக்குக் கொழும்பில் நல்ல விலை தருபவர் என்று கேள்விப்பட்டுப் போன கடை அது. விட்டுவிட்டு வந்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

சைக்கிள் அப்பாவுடையது. எழுபதுகளில் லண்டனில் படித்தபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்த றலி என்ற இங்கிலாந்துச் சைக்கிள். வளைந்த ஹேண்டில், ரெனால்ட்ஸ் 531 என்ற பாரம் குறைந்த உயர்தர உருக்குக் குழாயில் செய்த பிரேம், பின்னால் இத்தாலியின் கம்பன்யோலோ கியர். 2022 இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு இதில்தான் வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் முதலாளியின் முகம் மாறியிருந்தது. "531 ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். பெயின்ட் பிறகு அடித்தது. கியரும் பழைய கியர் இல்லை. இருபதாயிரம் தரலாம்." இதில் பாதி உண்மை என்பதால் வாயடைத்துப் போனேன். ஸ்டிக்கர் சான்றாகாது, மறுபடி பெயின்ட் அடித்தால் விலை குறையும். ஆனால் கியர்? குனிந்து பார்த்தேன். பெயரே இல்லாத ஏதோ ஒரு தகரம் தொங்கியது. கேட்டால், "இப்படித்தான் வந்தது" என்கிறார். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. பொலிஸில் எதைக் காட்டுவது?

சைக்கிளை உருட்டிக்கொண்டு டாம் வீதியில் எனக்குத் தெரிந்த வயதான திருத்துநரிடம் போனேன். சீட் கம்பியைக் கழற்றி அளந்தார்: 27.2 மில்லிமீற்றர். குழாய்களின் வெளிவிட்டம் ஒன்றுதான். மலிவான குழாயின் சுவர் தடிப்பு, அதனால் அதற்குள் மெல்லிய கம்பிதான் நுழையும். இவ்வளவு பருத்த கம்பி நுழைகிறதென்றால் இது சுவர் மெல்லிய நல்ல குழாய். "ஸ்டிக்கர் பொய் சொல்லும், இந்த அளவு சொல்லாது" என்றார். பிறகு, "கியரில் 'பேட்டன்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இலக்கம் இருந்தது?" என்று கேட்டார். எழுபதுகளின் கம்பன்யோலோவில் ஆண்டை அப்படித்தான் பொறிப்பார்களாம். இத்தனை வருடம் மிதித்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

வாங்கப்போகிறவரிடமே விலை கேட்டது என் முதல் முட்டாள்தனம். இணையத்தில் கேட்கும் விலையை நம்பாமல், விற்று முடிந்தவற்றின் விலையைப் பார்த்திருக்க வேண்டும். பிரேம் இலக்கம், கியர், சக்கரத்தின் நடுப்பகுதி எல்லாவற்றையும் படமெடுக்காமல் எந்தக் கடையிலும் விடாதீர்கள். ஏற்கெனவே எங்காவது விட்டிருந்தால், இன்றே போய்ப் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள்.