பின்குறி ஆட்டத்துக்கு லொக்டைட் 243

இடியன் துவக்கில் (வாய்வழியாக மருந்து இடிக்கும் துவக்கு) பின்குறி, அதாவது குறிபார்க்கக் குழலின் பின்பக்கம் பொருத்தும் துண்டு, ஆடத் தொடங்கினால் பலரும் தேடுவது சுப்பர் குளூ. அது சரிவராது. வெடியின் அதிர்ச்சியில் நொறுங்கும். குழலைச் சுடுதண்ணீரால் கழுவும்போது மிச்சமும் விட்டுவிடும். திருகாணிகளை இறுக்கப் பூசும் நீல நிற ஒட்டுத் திரவமான லொக்டைட் 243 நல்ல சாமான், ஆனால் பின்குறி விரலால் தள்ளினாலே நகருமென்றால் அதுவும் தனியே தாங்காது. முதலில் இறுக்கம் வர வேண்டும்.

தொடங்க முன் வெடித் தொப்பியைக் கழற்றிவிட்டு, இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு வாய் மட்டத்தில் அடையாளம் போடுங்கள். அதே கம்பியைக் குழலின் வெளிப்பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். அடிவரை போகவில்லையென்றால் உள்ளே வெடிமருந்து கிடக்கிறது. துவக்கை அப்படியே வைத்துவிடுங்கள்.

வெறுங்குழல்தான் என்றால், பின்குறி நிற்கும் இடத்தைக் குழலில் பென்சிலால் கோடிட்டு, பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி எடுங்கள். அதன் அடிப்பக்கத்தில் சென்ரர் பஞ்சால் (புள்ளி குத்தும் கூர்முனைக் கம்பி) நாலு புள்ளி குத்தினால் விளிம்புகள் மேடாகி, குழலில் அது நிற்கும் பள்ளத்துக்குள் இறுகும். குழலின் பள்ளத்தில் குத்தவே கூடாது. அங்கே இரும்பு ஏற்கெனவே மெல்லியது. அப்படியும் ஆடினால் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு. சோடா ரின் தகடும் ஆகும், ஆனால் வர்ணத்தை இருபக்கமும் சுரண்ட வேண்டும். வர்ணத்தோடு சேர்ந்து ஒட்டு உரிந்துவிடும்.

இனி அசிட்டோனால் எண்ணெய், மருந்துக் கரி எல்லாம் துடைத்து, காய்ந்த பிறகு பள்ளத்தில் ஒரு துளி. 243 சிறிது எண்ணெயைப் பொறுக்கும், கரியைப் பொறுக்காது. திருகோணமலை உப்புக்காற்றில் அந்தக் கரி ஈரத்தை இழுத்து அடியிலேயே துருவாகும். பித்தளைப் பின்குறியென்றால் சுணங்காமல் பென்சில் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், பித்தளையில் இது சீக்கிரம் இறுகும். 24 மணித்தியாலத்துக்குச் சுட வேண்டாம். பிறகு சூடு இடப்பக்கம் விழுந்தால் பின்குறியை வலப்பக்கம் தட்டுங்கள். பிடி விடும் என்பதால் மறுபடி ஒரு துளி.

வாங்கும்போது இலக்கத்தைப் பாருங்கள். இதைவிடக் கடுமையாகப் பிடிக்கும் லொக்டைட் 271-உம் 243-ஐப் போலவே சிவப்புப் போத்தலில்தான் வரும். அதைக் கழற்ற 250 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்க வேண்டும், மரக்கட்டை கருகிவிடும். 10 மில்லி போத்தலே வருடக்கணக்கில் போதும். கச்சான் காற்றுக்கால வெயிலில் வைக்காதீர்கள். போத்தல் நிறைய இல்லையென்று கடைக்காரரோடு சண்டையும் பிடிக்காதீர்கள்: உள்ளே காற்று இல்லாவிட்டால் இந்தத் திரவம் போத்தலிலேயே கட்டியாகிவிடும்.