தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன் (2016): விமர்சகர்கள் திட்டினது பாதி சரி, பாதி தப்பு

எமிலி பிளண்ட் நடிச்ச இந்தப் படத்துக்கு, விமர்சனங்கள தொகுத்து நூத்துக்கு மார்க் போடற சைட்டுங்களான ராட்டன் டொமேட்டோஸ், மெட்டாக்ரிட்டிக் ரெண்டுலயுமே ஸ்கோர் 50-ஐ தாண்டல, தியேட்டர்ல இருந்து வெளிய வர்ற ஆடியன்ஸ்கிட்ட கேட்டு எடுக்கற சினிமாஸ்கோர்ல கூட பி மைனஸ்தான். ஆனா காசு வந்துச்சு. சுமார் நாலரை கோடி டாலர்ல எடுத்த படம் உலகம் முழுக்க 17 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு, அமெரிக்காவுல முதல் வாரம் நம்பர் ஒன். இந்தப் படத்துக்கு மூலமான நாவல படிச்ச கூட்டம்தான் அத்தனை பேரும் தியேட்டருக்கு போனதுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பவுலா ஹாக்கின்ஸோட அந்த நாவல் 2015 ஜனவரில வந்து அந்த வருஷம் பல வாரம் பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு இடத்துலயும் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்டோட உச்சியில உக்காந்திருந்துச்சு.

கொலையாளி யாருன்னு நான் சொல்லல, பயப்படாம படிங்க.

கதை தெரியாதவங்களுக்கு: ரேச்சல்னு ஒரு பொண்ணு, விவாகரத்து ஆனவ, குடிக்கு அடிமை. தினமும் ட்ரெய்ன்ல போறப்ப தண்டவாளத்த ஒட்டி இருக்கிற ஒரு வீட்ட பாக்குறா, அங்க இருக்கிற ஜோடிய பாத்து அவங்களுக்கு ஒரு வாழ்க்கைய கற்பனை பண்ணிக்கிறா. அதே தெருவுல தான் அவளோட பழைய புருஷன் டாம் புது மனைவி அன்னா, குழந்தையோட இருக்கான். ஒரு நாள் அந்த ஜோடில இருக்கிற பொண்ணு மேகன் காணாம போயிடுறா. அன்னைக்கு ராத்திரி ரேச்சலும் அதே தெருவுல இருந்திருக்கா, ஆனா போதைல என்ன நடந்துச்சுன்னு சுத்தமா ஞாபகம் இல்ல, உடம்புல காயம் மட்டும் இருக்கு.

நாவலோட பலமே இந்த இடம்தான். நாம ரேச்சல் தலைக்குள்ள உக்காந்திருக்கோம், அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது, அங்க ஒரு ஓட்டை இருக்கு அவ்ளோதான், அந்த ஓட்டைய சுத்தி சுத்தி வந்து அவ பயந்து சாவுறா, நாமளும் அவகூட. நான் ஏதாவது பண்ணிட்டேனான்னு அவ கேக்குறப்ப நம்மளால இல்லைன்னு சொல்ல முடியல. படத்துல என்ன பண்ணிட்டாங்கன்னா அந்த ஓட்டைய காட்சியா நிரப்பிட்டாங்க. கேமரா ஒன்ன காட்டினா நாம அது நடந்துச்சுன்னு நம்பிடுவோம், அது பாக்குறவனோட இயல்பு. இங்க ரேச்சலோட பழைய ஞாபகம்னு சில காட்சிய முழுசா காட்டிட்டு, கடைசில அது அப்படி நடக்கவே இல்லைன்னு வேற மாதிரி காட்டுறாங்க. புக்ல அது அவ தனக்குள்ள தோண்டித் தோண்டி எடுக்கிற உண்மை. படத்துல டைரக்டர் நம்மள ஏமாத்தின மாதிரி ஆயிடுது. நிறைய விமர்சனத்துல ட்விஸ்ட் எடுபடலைன்னு எழுதினாங்க, ஏன் எடுபடலைன்னா என்னைப் பொறுத்தவரை இதுதான் காரணம்.

இதே கஷ்டத்த டேவிட் ஃபின்ச்சர் 2014-ல கான் கேர்ள் படத்துல எப்படி சமாளிச்சார்னு பாருங்க (அந்தப் படம் பாக்காதவங்க இந்தப் பத்திய தாண்டிடுங்க ப்ளீஸ்). அங்கயும் முதல் பாதி முழுக்க நாம பாக்குற பழைய கதைல பல விஷயம் பொய். ஆனா அது ஹீரோயின் ஏமி எழுதுற டைரி, அவ குரல்லயே வருது, பேனாவோட எழுதுறதையே காட்டுறாங்க. அதனால பொய்னு தெரிஞ்சதும் நமக்கு கோபம் டைரக்டர் மேல வராது, எழுதினவ மேல வரும், கூடவே அவ புத்திசாலித்தனத்த பாத்து ஒரு திகில். அதோட நாவல் எழுதின கில்லியன் ஃப்ளின்னே அதுக்கு திரைக்கதையும் எழுதினாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விமர்சகர்கள் ஒப்பிட்டது ரேச்சல் படத்துக்கு பெரிய அடி, ஏன்னா புத்தகத்தையே அடுத்த கான் கேர்ள்னு சொல்லித்தான் வித்தாங்க.

டைரக்டர் டேட் டெய்லர். 2011-ல தி ஹெல்ப் எடுத்தவர், அதுவும் பெஸ்ட்செல்லர் நாவல்தான், அதுக்கு ஆக்டேவியா ஸ்பென்சருக்கு ஆஸ்கரே கிடைச்சுது. மனுஷங்களோட உணர்ச்சிய எடுக்க தெரிஞ்சவர், அது இந்தப் படத்துலயும் தெரியுது. ஆனா த்ரில்லருக்கு வேணும்ங்கிற அந்த இறுக்கம், எந்த தகவல எப்ப அவுத்து விடணும்ங்கிற கணக்கு, அது அவருக்கு கை வரல. மூணு பொண்ணுங்க பேரையும் டைட்டில் கார்டா போட்டு ஆறு மாசம் முன்னாடி, அப்புறம் இன்னைக்குன்னு தாவிக்கிட்டே இருக்காங்க. புக்ல ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பேரும் தேதியும் காலையா சாயங்காலமான்னும் போட்டிருக்கும், குழப்பம் வந்தா ரெண்டு பக்கம் பின்னாடி திருப்பி பாத்துக்கலாம், சொல்லப்போனா அப்படி திருப்பி பாக்குறதுதான் அந்த நாவல படிக்கிற சுகமே. தியேட்டர்ல எத திருப்புறது? போதாததுக்கு மேகனா வர்ற ஹேலி பென்னட்டும் அன்னாவா வர்ற ரெபெக்கா ஃபெர்குசனும் பொன்னிற முடியோட கிட்டத்தட்ட ஒரே ஜாடைல இருப்பாங்க, கதைக்கு அந்த ஜாடை தேவைதான், ஆனா முதல் அரை மணி நேரம் யாரு யாருன்னு புடிபடறதே பெரும்பாடு.

லண்டன்ல நடக்கிற கதைய நியூயார்க்குக்கு மாத்தினதுக்கும் பிரிட்டன் வாசகர்கள் நிறைய பேர் வருத்தப்பட்டாங்க. நான் அவங்க பக்கம். ஹாக்கின்ஸ் லண்டன்ல பத்திரிகையாளரா வேலை பாத்தவங்க, ட்ரெய்ன்ல போய் வர்றப்ப ஜன்னல் வழியா வீடுகள பாத்ததுலதான் இந்தக் கதையே முளைச்சுது. தண்டவாளத்துக்கு முதுக காட்டிக்கிட்டு வரிசையா நிக்கிற பழைய வீடு, ஒரே சிக்னல்ல தினமும் நிக்கிற ட்ரெய்ன், டின்ல அடைச்ச ஜின் அண்ட் டானிக், எல்லாமே ஒரு சாதாரண, கொஞ்சம் அழுக்கான உலகம். படத்துல ஹட்சன் நதிய ஒட்டின பணக்கார வீடுங்க, மரமும் தோட்டமுமா மேகசின் அட்டைப்படம் மாதிரி இருக்கு. அவ்ளோ பெரிய வீட்ட பாத்து ஏங்குறது வேற, நாம நேத்து வரைக்கும் வாழ்ந்த மாதிரியே இருக்கிற வீட்ட பாத்து ஏங்குறது வேற, ரெண்டாவதுதான் நெஞ்ச அறுக்கும்.

சரி, அப்ப விமர்சகர்கள் தப்பு பண்ணது எங்க? எமிலி பிளண்ட நல்லா நடிச்சிருக்காங்கன்னு ஒரு வரில பாராட்டிட்டு படத்த தூக்கிப் போட்டதுல. பாராட்டாதவங்கன்னு அனேகமா யாருமே இல்ல, பிரிட்டனோட சினிமா விருதான பாஃப்டாவுக்கும் அமெரிக்க நடிகர் சங்கமான எஸ்ஏஜி விருதுக்கும் நாமினேஷன் கூட கிடைச்சுது. நாவல்ல ரேச்சல் உடம்பு பெருத்து, தன்னைத்தானே வெறுக்கிற பொண்ணு, பிளண்ட் ரொம்ப அழகு இது ஒத்து வராதுன்னு படம் வர்றதுக்கு முன்னாடியே பேச்சு இருந்துச்சு. ஆனா படம் பாத்தா அந்த உதடு வெடிச்சிருக்கிறது, கண்ணு ஒரு நொடி லேட்டா திரும்புறது, பேசறப்ப வார்த்தைய விழாம புடிச்சுக்க பாக்குறது... குடிகாரங்களா நடிக்கிறவங்க பெரும்பாலும் தள்ளாடுவாங்க, இவங்க தள்ளாடாம இருக்க முயற்சி பண்ற ஒருத்திய நடிக்கிறாங்க. தண்ணி பாட்டில்ல வோட்காவ ஊத்தி வச்சு குடிக்கிறப்ப யாராவது பாக்குறாங்களான்னு ஒரு பார்வை இருக்கே, வீட்டுல குடிச்சு அழிஞ்ச ஒருத்தர பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்கு அந்த பார்வை தெரியும். கேமரா பண்ண சார்லட் ப்ரூஸ் கிறிஸ்டென்சன் அவங்க முகத்துக்கு ரொம்ப கிட்ட போய் நிக்கிறாங்க, க்ளோசப் அதிகம்னு சொன்ன விமர்சனங்கள நான் ஒத்துக்க மாட்டேன், இந்தப் படத்துல உண்மைன்னு ஒன்னு இருக்குன்னா அது அந்த க்ளோசப்லதான் இருக்கு.

விமர்சகர்கள் கவனிக்காம விட்ட இன்னொன்னு, ஒரு பொண்ணு சொல்றத குடிகாரின்னு சொல்லி எவ்ளோ ஈசியா எல்லாரும் ஒதுக்கிடுறாங்கங்கிறது. போலீஸ், பழைய புருஷன், தோழின்னு ஒருத்தரும் நம்பல, அதவிட கொடுமை அவளே அவள நம்பல. இது த்ரில்லருக்காக ஒட்ட வச்ச விஷயம் இல்ல, படத்தோட உயிரே இதுதான், இத பத்தி பேசாம கொலையாளிய முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்னு எழுதின விமர்சனங்கள படிச்சப்ப எனக்கு உண்மையாவே ஆதங்கமா இருந்துச்சு.

மத்தவங்கள்ல டிடெக்டிவ் ரைலியா வர்ற அலிசன் ஜேனி வர்ற சீன் எல்லாம் விறைப்பா நல்லா இருக்கு, ஆனா சீனே கம்மி. மேகனோட புருஷனா வர்ற லூக் எவன்ஸ் ஓகே. டேனி எல்ஃப்மேன் மியூசிக் மனசுல நிக்கல.

நாவல் படிக்காதவங்க முதல்ல நாவல படிச்சுட்டு அப்புறம் படத்த பிளண்டுக்காக பாருங்க, மாத்தி செஞ்சா நாவலோட சஸ்பென்ஸும் போயிடும். ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மிதான், குழந்தைங்க இருக்கிறப்ப வேண்டாம், வன்முறையும் மத்த காட்சியும் இருக்கு. பரினீதி சோப்ரா நடிச்ச இந்தி ரீமேக் 2021-ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு, கதைய திரும்ப லண்டனுக்கே கொண்டு போனாங்கன்னு ஆசையா பாத்தேன், ஆனா அதுல குடியோட சேத்து மறதி நோய்னு ஒன்னையும் ஹீரோயினுக்கு வச்சுட்டாங்க, அதனால நானே செஞ்சிருப்பேனோங்கிற அந்த குற்ற உணர்ச்சி பாதியா குறைஞ்சு போச்சு. அத தேடிப் பாக்க வேண்டியதில்ல.