மாதவிடாய் நின்ற பிறகு: மாத்திரையா, ஒட்டுப்பட்டையா, ஹார்மோன் இல்லாத மருந்தா?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் மருத்துவம் அதை மாதவிடாய் நிறுத்தம் என்று கணக்கிடுகிறது. ஆனால் மாற்றம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. சூலகத்தில் கருமுட்டைகள் குறையக் குறைய, அங்கே சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனின் அளவு சீரின்றி ஏறி இறங்குகிறது; பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சூலகத்தைத் தூண்டப் பார்க்கிறது. முடிவில் ஈஸ்ட்ரோஜெனின் வீரியம் மிக்க வகையான ஈஸ்ட்ராடயால் வெகுவாகச் சரிந்து, கொழுப்புத் திசுக்களில் உருவாகும், அதைவிட வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோன் என்ற வகை முதன்மை பெறுகிறது. உடலில் திடீரென எழும் அனல், இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி, எலும்பு அடர்த்திக் குறைவு ஆகியவை இந்தச் சரிவின் விளைவுகளே. எனினும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பதால், 'ஹார்மோன் எடுக்கலாமா, கூடாதா' என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை.

அனலையும் இரவு வியர்வையையும் தணிப்பதில் ஈஸ்ட்ரோஜெனுக்கு நிகரான மருந்து இன்றுவரை இல்லை. எலும்பையும் அது காக்கிறது. அதன் மீதான அச்சத்துக்குப் பெரும் காரணம், அமெரிக்காவில் நடந்த 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் ஒரு பிரிவு 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டதுதான். கூட்டு ஹார்மோன் எடுத்த 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக அது காட்டியது. இந்த எண்ணிக்கையைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், கொடுக்கப்பட்டது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போலச் செயல்படும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை என்பதும் செய்தியாகப் பரவியபோது மறைந்துபோயின. 60 வயதுக்கு உட்பட்டவர்கள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாதவர்கள், வேறு தடை ஏதும் இல்லாதபோது பெறும் நன்மை பொதுவாக ஆபத்தைவிட அதிகம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. அந்த அச்சத்தால் எத்தனையோ பெண்கள் உறக்கமிழந்த இரவுகளை வீணே பொறுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

மாத்திரைக்கும் ஒட்டுப்பட்டைக்கும் உள்ள வேறுபாடு வெறும் வசதி சார்ந்தது அன்று. விழுங்கிய ஈஸ்ட்ரோஜென் முதலில் கல்லீரலைக் கடப்பதால், இரத்தம் உறையச் செய்யும் புரதங்கள் அங்கே அதிகமாக உருவாகின்றன. தோல் வழியாகச் செல்லும் பட்டையும் ஜெல்லும் இதைத் தவிர்க்கின்றன. எனவே உடல் பருமனோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்களுக்கு நான் தோல்வழி முறையையே மேலானதாகக் கருதுவேன். எந்த வழியில் எடுத்தாலும், கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜெனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது; கருப்பையின் உட்படலம் தடித்துப் புற்றாக மாறாமல் தடுக்கப் புரோஜெஸ்டிரோனும் வேண்டும்.

வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவை மட்டுமே தொல்லை என்றால் இவை எதுவும் தேவையில்லை. பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் கிரீமோ மாத்திரையோ போதும்; இரத்தத்தில் அது மிகச் சிறிதளவே கலக்கிறது. அனல் காலப்போக்கில் அடங்கிவிடும், வறட்சியோ கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். வெட்கத்தால் சொல்லாமல் விடப்படும் இந்தத் தொல்லைக்குத்தான் மிக எளிய தீர்வு இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளே முதல் தேர்வு. குறைந்த அளவு பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின், கேபாபென்டின் ஆகியவை அனலை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்ஸிஃபென் மருந்தை எடுப்பவர் பராக்ஸெட்டினைத் தவிர்க்க வேண்டும். டாமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது தடுத்துவிடும். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட், மூளையில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதையில் நேரடியாகச் செயல்படுகிறது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. இந்த மருந்துகள் வறட்சியைப் போக்குவதோ எலும்பைக் காப்பதோ இல்லை. சோயா போன்ற தாவர ஈஸ்ட்ரோஜென்களின் பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும், அறுவை சிகிச்சையில் இளவயதிலேயே இரு சூலகங்களையும் இழந்தவர்களுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தாது. தடை ஏதும் இல்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது, அதாவது 50ஐ ஒட்டி, அவர்கள் ஹார்மோன் எடுத்துக்கொள்வதையே வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன; எடுக்காமல் விட்டால் எலும்புத் தேய்வும் இதயநோயும் முன்கூட்டியே வரும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.